ஃப்ரீடவுன் மழைக்காலப் புகழ்மாலை

மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் அன்பர்கள் டிசம்பரா ஜனவரியா என்று வெயிலைத் தேடி விசாரிப்பதைக் காணும்போது அடியேனுக்கு இரக்கமே மேலிடுகிறது. வறண்ட மாதத்தில் எந்த ஊரும் ஒழுங்காய்த்தான் தோன்றும். ஆள்வோரின் திறம், சான்றோரின் தொலைநோக்கு, மேன்மக்களின் கொடைப்பண்பு ஆகியவற்றைக் கண்குளிரக் காண விரும்புவோர் ஆகஸ்ட் மாதத்தில், சியரா லியோன் நாட்டின் தலைநகராம் ஃப்ரீடவுனுக்கே எழுந்தருள வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் திருத்தலம் அது. ஜூலையும் ஆகஸ்டும் அங்கே வானத்தின் திருவிழா மாதங்கள்.

1462 வாக்கில் அவ்வழியே கலம் செலுத்திய போர்த்துகீசிய மாலுமி பெத்ரோ தெ சிந்த்ரா, அந்த மலைகளுக்குச் சிங்கமலை என்று பெயரிட்டார். முகடுகளில் உருளும் இடியோசை சிங்க முழக்கமாய்க் கேட்டதால் இட்ட பெயர் என்று சொல்வதுண்டு. ஆக, இந்த மழை நேற்று முளைத்ததன்று. ஐந்தரை நூற்றாண்டாக உறுமி அறிவித்துவிட்டே வருகிறது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் அதைப் பார்த்துப் புதிதாய்த் திடுக்கிடும் வெள்ளையுள்ளம் அந்நகரை ஆள்வோருக்கு வாய்த்திருக்கிறதே! அந்தக் குழந்தை மனத்தை எந்த நாவால் புகழ்வேன்!

விருந்தினரை வரவேற்கும் நேர்த்தியைக் கேளுங்கள். விமான நிலையம் ஊருக்குள் இருந்தால் வந்தவர் உடனே ஊருக்குள் நுழைந்துவிடுவார். அதில் என்ன சுவை? ஆகவே அது அகன்ற கழிமுகத்துக்கு அக்கரையில், லுங்கி என்னும் இடத்தில் வீற்றிருக்கிறது. மழைநாளில் அங்கே இறங்குபவர் மடித்துக்கட்ட வேண்டிய உடையின் பெயரையே ஊருக்குச் சூட்டிய தீர்க்கதரிசனத்தைத் தமிழர் மட்டுமே முழுதாய் உணர முடியும். நள்ளிரவில், கொட்டும் மழையில், மிதவைச் சட்டையை இறுகக் கட்டிக்கொண்டு படகில் அமர்ந்தால் போதும். இறைநம்பிக்கை இல்லாதவரும் இக்கரை சேர்வதற்குள் மூன்று தெய்வங்களுக்கு நேர்ந்துகொள்வார். நாடு 1961இல் விடுதலை பெற்றது. இன்றுவரை நடுவே ஒரு பாலம் கட்டி இந்தப் பேரின்பத்தைக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பாலத்தைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளும் அந்தப் பெருந்தன்மை வாழ்க.

அடிமைத்தளை நீங்கியவர்கள் 1792இல் நிறுவிய ஊர் அது. விடுதலை என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. அந்த உயரிய கொள்கையை நகராள்வோர் மனிதரோடு நிறுத்திக்கொள்ளவில்லை, சாக்கடைக்கும் வழங்கிவிட்டார்கள். இரு கரைக்குள் அடைபட்டு ஓடும் இழிநிலை அங்கே எந்தச் சாக்கடைக்கும் இல்லை. ஒரு மணி நேர மழை போதும். அது வீதிக்கு வந்து, கடைப்படி ஏறி, கட்டிலின் கீழ்ப் புகுந்து, குடும்பத்தில் ஒருவராகிவிடுகிறது. 'போடா-போடா' என்னும் சிற்றுந்துகள் சாலை எது, ஓடை எது என்ற வேற்றுமை பாராட்டாமல் அதன்மேல் தவழ்ந்து செல்கின்றன. அவ்வூர் வழக்கில் அது கௌரவமான பெயர். தமிழ்ச் செவிக்கு வசைபோல் கேட்டால் குற்றம் செவியினுடையதே.

குடிநீர் வழங்கலிலோ அந்நகரம் சித்தர்களையும் விஞ்சிவிட்டது. வானம் இவ்வளவு கொட்டியும் குழாயில் எந்நாளும் நீர் வராதபடி காத்துவரும் வித்தை எளிதன்று. 1960களில் கட்டிய கூமா அணையையே இன்று பத்து லட்சம் பேரைத் தாண்டிவிட்ட ஊர் நம்பியிருக்கிறது; முன்னோர் சொத்தின்மேல் அத்தனை பக்தி. ஆகவே மக்கள் மழையில் நனைந்தபடி பிளாஸ்டிக் பையில் அடைத்த தண்ணீரை விலைக்கு வாங்கிக் குடிக்கிறார்கள். குடித்த பை சாக்கடையைச் சேர்கிறது. பை அடைத்த சாக்கடை பொங்கி வீட்டைச் சேர்கிறது. குழாய் இல்லாத வீட்டுக்கும் தண்ணீர் தேடி வந்து சேர்ந்துவிட்டதல்லவா? ஒரு துளியும் வீணாகாத இந்தச் சுழற்சியை வகுத்த மேதைக்கு ஒரு சிலையாவது வைத்திருக்கலாம். அடக்கம் காரணமாக மறுத்திருப்பார்.

ஈகையைக் காண வேண்டுமென்றால் கடலோரத்து க்ரூ பே குடியிருப்புக்குச் செல்லுங்கள். குப்பையைக் கொட்டிக் கடலைத் தூர்த்து, அதன்மேல் தகரக் கூரை போட்டு ஏழைகள் வாழும் இடம். மலைமேல் வாழும் மேன்மக்கள் கீழே வாழ்வோரை ஒருநாளும் மறப்பதில்லை. அவர்கள் வீட்டுக் குப்பை, அஸ்திவாரம் தோண்டிய செம்மண், வெட்டிய மரத்தின் கிளை என்று ஒன்றும் தமக்கென வைத்துக்கொள்ளாமல் அத்தனையையும் ஓடைவழியே அனுப்பிவைக்கிறார்கள். 2012 மழைக்காலத்தில் காலராவும் சேர்ந்து வந்தது. நாடு முழுவதும் 20,000 பேருக்கு மேல் அதைப் பெற்றார்கள். சுமார் 300 பேர் மீளவில்லை. வாங்கிய கைகள் நிறைந்துவிட்டன; வழங்கிய கைகளோ அழுக்குப்படவே இல்லை.

இனி அந்த மலையைப் பாடாமல் இருந்தால் அடியேன் நாத்தழும்பேறிப் பயன் என்ன? 1916இலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட வனம் அது. காப்பு என்பதன் உட்பொருளை நூறாண்டு ஆராய்ந்த பெரியோர், மரங்களிடமிருந்து மலையைக் காப்பதே அது என்று தெளிந்தார்கள். சரிவுகளில் மாளிகைகள் எழுந்தன. அவற்றின் நிழலில் குடிசைகள் ஒண்டின. 2017 ஆகஸ்ட் 14, விடியும் வேளை. சுகர் லோஃப் மலையின் ஒரு பக்கம், ரீஜென்ட் பகுதியில், உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்து இறங்கியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக 1,141 பேர். முந்தைய ஆண்டுகளில் எபோலாவால் மாண்டவர்களைப் புதைத்த வாட்டர்லூ மண்ணிலேயே இவர்களுக்கும் இடம் கிடைத்தது. உயிரோடிருந்தவரை ஒரு முழம் சமநிலம் கிடைக்காதவர்களுக்குச் சமமான நிலத்தில் ஆறடி! ஏழு நாள் துக்கமும் அறிவிக்கப்பட்டது. இதற்குமேல் ஓர் அரசிடம் என்ன கேட்பது?

குற்றவாளியும் அன்றே அகப்பட்டுவிட்டான்: மழை. எத்தனை விரைவான நீதி! மரம் வெட்டியவர், மனை பிரித்தவர், கண்ணை மூடிக் கையெழுத்திட்டவர் ஆகிய பெரியோரை ஒரு நாளும் அலைக்கழிக்காமல், வாதாட வாயில்லாத வானத்தின்மேல் வழக்கு முடிந்தது. 2023 மே 24 அன்று, சுமார் 400 வயது மதிக்கப்பட்ட இலவமரம், நாட்டின் பணத்தாளிலும் இடம்பெற்ற மரம், புயல்மழையில் சாய்ந்தபோதும் மழையே குற்றவாளி. அந்த ஒரு வழக்கு மெய்யாகவே இருக்கலாம். பொய் வழக்குகளுக்கு நடுவே மெய் வழக்கு ஒன்றும் இருப்பதுதானே நிர்வாக நேர்மை! ஆனால், பாதுகாப்பான வீட்டுக்காக அங்கே காத்திருக்கும் கிளிகளுக்குக் காக்க இனி இலவமும் இல்லை.

நம்மைப் போன்ற வருகையாளரின் தொண்டையும் விடலாகாது. கடற்கரை விடுதியில், ஜெனரேட்டர் இசையும் குளிரூட்டியின் தென்றலும் சூழ, வெள்ள மேலாண்மை பற்றிய கருத்தரங்குகள் செவ்வனே நடக்கின்றன. 2020இல் நகராட்சி பத்து லட்சம் மரம் நடும் இயக்கம் தொடங்கியது. மலைக்கு மேலே வெட்டுவோருக்கும் வேலை, கீழே நடுவோருக்கும் வேலை. ஆய்வறிக்கைகள் பளபளக்கும் அட்டையோடு, ஒரு பக்கமும் மடங்காமல், ஒரு விரலின் கறையும் படாமல் அலமாரிகளில் மிளிர்கின்றன. தொண்டைமானின் ஆயுதச்சாலையில் ஔவையார் அடைந்த வியப்பை அடியேனும் அங்கே அடைந்தேன். மலைச்சரிவில் மண்ணைத் தோண்டி உறவினரைத் தேடியவர்களின் கடப்பாரைகள்தாம் பாவம், வளைந்தும் முனை மழுங்கியும் கிடந்திருக்கும்.

விடைபெறும் நாளிலும் மழை. படகு கரையை விட்டு நகர்ந்தபோது மேகம் சற்றே விலகி, மலைமேல் புது மாளிகைகள் ஈரத்தில் ஒளிர்ந்தன. இத்தனை பெருமைக்கும் காரணமான அந்தப் பெருமக்களை வாழ்த்தாமல் வருவது தகாது என்று இருகரம் கூப்பினேன். அவ்வூர் மொழியில் அடியேன் கற்றது சொற்பம். கற்றதில் கௌரவமான ஒரு சொல்லைத் தேர்ந்து, மாளிகைகளை நோக்கி, உரத்த குரலில், பக்தியோடு உச்சரித்தேன்: அந்தச் சிற்றுந்தின் பெயர்.