யாஷின் எந்தப் பக்கம்?

கால்பந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு வியாதிகள் உண்டு. ஒன்று, ராத்திரி ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஐரோப்பாவில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் ஆபீசில் ஃபைலுக்குப் பின்னால் தூங்குவது. இது வயதானால் தானாகக் குணமாகிவிடும். இரண்டாவது, எல்லாக் காலத்துக்குமான தலைசிறந்த பதினொரு பேரைப் பொறுக்கி அணி அமைப்பது. இது வயதாக ஆக முற்றும்.

முற்றுவதற்குக் காரணம், இதில் செலவே இல்லை. பெலேவுக்குச் சம்பளம் தர வேண்டாம். கரிஞ்சாவின் முழங்காலுக்கு வைத்தியம் பார்க்க வேண்டாம். பயிற்சிக்கு வராத மாரடோனாவைத் தேடி ஆள் அனுப்ப வேண்டாம். ஒரு பேனாவும் கரண்ட் பில்லின் பின்பக்கமும் போதும். பத்து நிமிஷத்தில் உலகத்தையே ஜெயிக்கும் அணி தயார். பிறகு ஆயுள் முழுக்க அதற்காகச் சண்டை போடலாம்.

எங்கள் வீட்டில் நோயாளிகள் இரண்டு பேர். ஒருவன் நான், இன்னொருவன் என் மனைவியின் தம்பி. தான் கண்ணால் பார்க்காத எதுவும் நடக்கவே இல்லை என்பது அவன் கட்சி. நான் பார்க்காததெல்லாம் மகத்தானது என்பது என் கட்சி. யோசித்துப் பார்த்தால் என் கட்சிதான் பலமானது. பார்த்த ஆட்டக்காரர் வானத்துக்கு அடித்த பெனால்டி நமக்கு மறப்பதில்லை. பார்க்காத ஆட்டக்காரரோ ஒருபோதும் சொதப்புவதில்லை. டி ஸ்டெஃபானோ ஆடிய ஒரு முழு ஆட்டத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்குள்ள பக்தி இன்றுவரை ஆடாமல் அசையாமல் இருக்கிறது.

"மாமா, உங்க ஆளுங்க எல்லாம் கறுப்பு வெள்ளைல ஓடுனவங்க. எதிர்ல நின்னவங்கள்ல பாதிப் பேரு காலைல பால் ஊத்திட்டு சாயந்தரம் மேட்ச் ஆட வந்தவங்க" என்பான் அவன்.

"மாப்ள, அவங்க தலையால முட்டினது மழையில ஊறின தோல் பந்து. உன் ஆளு முட்டுறது பலூன்" என்பேன் நான்.

இந்த வாதத்தில் எனக்குச் சாதகமாகச் சரித்திரம் இருக்கிறது. 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகல்காரர்கள் பெலேயை உதைத்து உதைத்தே நொண்ட வைத்தார்கள். மாற்று ஆள் இறக்க அன்று விதி கிடையாது. மனிதர் நொண்டிக்கொண்டே ஆடினார். மாற்று ஆட்டக்காரரும், மஞ்சள் சிவப்பு அட்டைகளும் உலகக் கோப்பைக்கு வந்தது 1970-ல்தான். 1958-ல் பிரான்ஸின் ஜுஸ்ட் ஃபோன்டேன் ஒரே உலகக் கோப்பையில் 13 கோல் அடித்தாரே, அது சக ஆட்டக்காரரிடம் இரவல் வாங்கிய ஷூவோடு அடித்தது. "இன்னிக்கு இருக்கிறவங்களுக்கு ஷூவுக்குன்னே தனி ஒப்பந்தம், தனி விளம்பரம்" என்றேன். "அப்ப அவர் சொந்த ஷூ போட்டிருந்தா எத்தனை அடிச்சிருப்பாரு?" என்று அவன் கேட்டதை நான் எனக்குச் சாதகமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டேன்.

சொந்தமாக ஆளுக்கொரு அணி அமைத்தால் குடும்பம் உடையும் என்பதால் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். ஏற்கெனவே பெரியவர்கள் போட்டுவைத்த பட்டியல்களில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வது; இரண்டையும் மோதவிடுவது.

நான் எடுத்தது, 1998 ஜூனில் பிரான்ஸில் உலகக் கோப்பை தொடங்கிய சமயம் அறிவித்த இருபதாம் நூற்றாண்டின் உலக அணி. கோலில் சோவியத் யூனியனின் லெவ் யாஷின். பின்வரிசையில் கார்லோஸ் ஆல்பர்ட்டோ, பெக்கன்பாவர், பாபி மூர், நில்டன் சான்டோஸ். நடுவில் க்ரைஃப், டி ஸ்டெஃபானோ, பிளாட்டினி. முன்னால் கரிஞ்சா, பெலே, மாரடோனா.

அவன் எடுத்தது, 2020-ல் 'பிரான்ஸ் ஃபுட்பால்' பத்திரிகை வெளியிட்ட கனவு அணி. அந்த ஆண்டு கொரோனாவைக் காரணம் காட்டி பாலோன் தோர் விருதை நிறுத்தினார்கள். கோல் கோலாக அடித்துத் தள்ளிக்கொண்டிருந்த லெவாண்டோவ்ஸ்கிக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. உயிரோடு ஆடிக்கொண்டிருந்த ஒருவருக்கு விருது தர வழியில்லை என்றவர்கள், டிசம்பரில் பதினொரு பேருக்குச் சிம்மாசனம் போட்டார்கள். கோலில் யாஷின். பின்னால் காஃபூ, பெக்கன்பாவர், மால்தினி. நடுவில் ஷாவி, மத்தேயஸ், பெலே, மாரடோனா. முன்னால் மெஸ்ஸி, பிரேசிலின் ரொனால்டோ, கிறிஸ்டியானோ ரொனால்டோ. முன்வரிசை நிரம்பிவிட்டதால் பெலேயைப் பின்னால் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள்.

இரண்டு தாள்களையும் மேஜையில் வைத்தோம். ஸ்கோர் எழுத எட்டாவது படிக்கும் என் மகளை நியமித்தோம். அவள் பெயர்களைப் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இந்த யாஷின் எந்தப் பக்கம்?"

யாஷின் மட்டுமில்லை. பெக்கன்பாவர், பெலே, மாரடோனா என்று நான்கு பேர் இரண்டு தாளிலும் இருந்தார்கள். ஆட்டம் நடக்க வேண்டுமென்றால் யாஷின் இந்தக் கோலில் ஒரு பந்தைத் தட்டிவிட்டு, அடுத்த பந்தைப் பிடிக்க எதிர்க் கோலுக்கு நூறு மீட்டர் ஓட வேண்டும். மாரடோனா கொடுக்கும் பாஸை மாரடோனாவே குறுக்கே பாய்ந்து வெட்ட வேண்டும். டாஸ் போட பெக்கன்பாவர் வந்து தன் வலது கையால் தன் இடது கையைக் குலுக்கிக்கொள்ள வேண்டும்.

பெக்கன்பாவருக்கு விநோத அணிகள் புதிதல்ல. 1972-ல் 'மான்ட்டி பைத்தான்' நகைச்சுவைக் குழுவினர் ஜெர்மன் தொலைக்காட்சிக்காக ஒரு கால்பந்து ஆட்டத்தைப் படம்பிடித்தார்கள். கிரேக்கத் தத்துவ ஞானிகளுக்கும் ஜெர்மன் தத்துவ ஞானிகளுக்கும் போட்டி. ஜெர்மன் அணியில் கான்ட், ஹெகல், நீட்சே ஆகியோருடன் பெக்கன்பாவர் பெயரும் இருந்தது. ஆட்டம் முழுக்க எல்லோரும் தாடியைத் தடவி யோசித்துக்கொண்டே உலவ, கடைசி நிமிஷத்தில் சாக்ரடீஸ் தலையால் முட்டி கோல் போட்டார். ஞானிகள் அணியிலேயே இடம் பிடித்தவர் நம் இரண்டு தாளிலும் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் பிரச்சினை தீரவில்லை.

மைத்துனன் ஒரு வழி சொன்னான். "வருஷத்தப் பிரிச்சுக்கலாம் மாமா. ஆளு ஒண்ணுதான். ஆனா எந்த வருஷத்து ஆளுன்னு ஆளுக்கொண்ணு எடுத்துக்கலாம்."

பாகப்பிரிவினை ஆரம்பமாயிற்று. பாகப்பிரிவினை என்றாலே மூத்தவன் தலையில் தரிசு நிலம்தான் விழும். எனக்கு 1962 யாஷின் ஒதுக்கப்பட்டார். அந்த ஆண்டு சிலியில் கொலம்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில், கார்னரில் இருந்து அடித்த பந்து யார் மேலும் படாமல் நேரே அவர் கோலுக்குள் போய் விழுந்தது. 4-1 என்று முன்னணியில் இருந்த சோவியத் அணி 4-4 என்று முடித்தது. மைத்துனன் எடுத்துக்கொண்டது 1963 யாஷினை. பாலோன் தோர் வாங்கிய ஒரே கோல்கீப்பர் என்று இன்றுவரை இருக்கும் யாஷின் அவர்.

பெக்கன்பாவரில், கோப்பையைத் தூக்கிய 1974 கேப்டன் அவனுக்கு. 1970 அரையிறுதியில் தோள்பட்டை பிசகி, கையை மார்போடு கட்டிக்கொண்டு இத்தாலியோடு ஆடித் தோற்றவர் எனக்கு. பெலேயில் 1970 அவனுக்கு. எனக்கு நான் முன்பு பெருமையாகச் சொன்ன அதே நொண்டி 1966. "நீங்கதானே மாமா அவரைப் பத்தி அவ்வளவு உருகினீங்க?" என்றான்.

மாரடோனாவில்தான் கை கலக்க இருந்தது. 1986 ஜூன் 22, மெக்சிகோ நகரம், இங்கிலாந்துடன் காலிறுதி. 51-வது நிமிஷத்தில் கையால் தட்டி ஒரு கோல். 55-வது நிமிஷத்தில் பாதி மைதானம் ஓடி, பாதி இங்கிலாந்தை ஏமாற்றி, நூற்றாண்டின் கோல் என்று பெயர் வாங்கிய இன்னொரு கோல். 51-வது நிமிஷ மாரடோனா எனக்கு, 55-வது நிமிஷ மாரடோனா தனக்கு என்றான். ஸ்கோர் போர்டில் இரண்டுமே ஒரு கோல்தான் என்று நான் வாதாடினேன். "இப்ப வீடியோ ரெஃப்ரி வந்தாச்சு மாமா. உங்க மாரடோனா மைதானத்துல இருக்க மாட்டாரு" என்று அடித்தான். பேச்சுவார்த்தை முறிந்தது.

மத்தியஸ்தம் கேட்கலாமா என்று யோசித்தோம். யாரிடம்? 2000-ஆம் ஆண்டில் ஃபிஃபா இதற்கு முயன்றது. நூற்றாண்டின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று இணையத்தில் வாக்கெடுத்தார்கள், மாரடோனா ஜெயித்தார். உடனே பெரியவர்கள் குழு ஒன்று கூடி பெலேயைத் தேர்ந்தெடுத்தது. கடைசியில் ஆளுக்கொரு விருது. 2004-ல் பெலேயிடமே பொறுப்பைக் கொடுத்தார்கள். ஃபிஃபாவின் நூற்றாண்டை ஒட்டி, அப்போது உயிரோடு இருந்தவர்களில் நூறு பேரைச் சொல்லச் சொன்னார்கள். அவருக்கு நூறில் நிறுத்த முடியவில்லை. 125 பேரைச் சொன்னார். இருந்தும் 1970-ல் அவரோடு கோப்பை ஜெயித்த ஜெர்சனுக்கு அதில் இடமில்லை. ஜெர்சன் தொலைக்காட்சியில் அந்தப் பட்டியலைக் கிழித்தார். பெலேவுக்கே அந்தக் கதி என்றால் எங்களுக்கு மத்தியஸ்தம் பண்ண எவர் வருவார்?

வழி சொன்னது மகள்தான். "பொதுவா இருக்கிற நாலு பேரையும் வெளிய உட்கார வைங்க. மிச்சம் ரெண்டு பக்கமும் ஏழு ஏழு பேர் இருக்காங்க."

ஏழுக்கு ஏழு! செவன்ஸ்! மலப்புரம் பக்கம் நைஜீரியாவிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்களை வரவழைத்து, ஊரே திரண்டு நின்று பார்க்கும் ஆட்டம். நம் ஊர்களிலும் கோடை விடுமுறையில் கோப்பையும் ரொக்கப் பரிசும் வைத்து நடப்பதுதான். ஒரே சிக்கல், யாஷின் வெளியே போய்விட்டதால் இரண்டு பக்கமும் கோல்கீப்பர் இல்லை. தெரு ஆட்டத்தில் ஆடத் தெரியாதவனைத்தான் கோலில் நிறுத்துவோம். இங்கே அப்படி யாரும் இல்லை.

இங்கேதான் என் அணியின் மகிமை வெளிப்பட்டது. 1972-ல் இங்கிலாந்து லீக் கோப்பை அரையிறுதியில், ஸ்டோக் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் வெஸ்ட் ஹாமின் கோல்கீப்பர் அடிபட்டு வெளியே போக, பாபி மூர் கோலில் போய் நின்றார். எதிரணிக்குக் கிடைத்த பெனால்டியைத் தடுத்தார்! திரும்பி வந்த பந்தை அடித்தவரே உள்ளே தள்ளிவிட்டார் என்பது உண்மை. அதை நான் கொஞ்சம் மெதுவான குரலில் சொன்னேன்.

மைத்துனன் பக்கம் யார் நிற்பது? மெஸ்ஸிக்கு உயரம் போதாது. கிறிஸ்டியானோவைக் கோலில் நில் என்று சொல்லும் துணிச்சல் யாருக்கும் கிடையாது. பிரேசில் ரொனால்டோ, கோல்கீப்பர் என்றால் தாண்டிப் போக வேண்டிய ஒரு ஆள் என்று மட்டுமே அறிந்தவர். கடைசியில், கல்யாணப் பந்தியில் ஆள் குறைந்தால் யாரும் சொல்லாமலே சாம்பார் வாளியைத் தூக்கும் மூத்த பிள்ளை மாதிரி மால்தினி போனார். அவர் போனதும் இடது பக்கம் திறந்த வீடாயிற்று. அந்தப் பக்கம்தான் கரிஞ்சா வருவார், வளைந்த கால்களும் எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவருக்கே தெரியாத உடம்புமாக.

"மெஸ்ஸிய யார் பிடிப்பா?" என்றான் மைத்துனன்.

"நில்டன் சான்டோஸ்" என்றேன். 1962-ல் ஸ்பெயினுக்கு எதிராக இவர் பெனால்டி கட்டத்துக்குள் ஃபவுல் செய்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல இரண்டு எட்டு வெளியே எடுத்து வைத்து நின்றார். ரெஃப்ரி வந்து பார்த்துவிட்டு ஃப்ரீ கிக்தான் கொடுத்தார். செவன்ஸில் வீடியோ ரெஃப்ரி கிடையாது.

ஆனால் ஆட்டத்தைத் தீர்மானித்தது இவர்கள் யாருமில்லை. மைத்துனன் அணியில் மூன்று பேர் முன்னால் நின்று பந்துக்காகக் காத்திருப்பவர்கள். பந்தைப் பறித்துக் கொடுக்க மத்தேயஸ் ஒருவர்தான். அவரும் இப்போது மால்தினி விட்டுப்போன இடத்தை அடைக்க ஓட வேண்டும். இதன் பலன் என்ன என்பதை ரியல் மாட்ரிட் ஏற்கெனவே நமக்குக் காசு செலவழித்துக் காட்டியிருக்கிறது. 2003 கோடையில் அவர்கள் பெக்கமை வாங்கினார்கள். பந்தைப் பறிப்பதே தொழிலாக இருந்த மக்கலேலேயை விற்றார்கள். ஸிடான், ஃபிகோ, ரொனால்டோ, ராவுல், பெக்கம் என்று போஸ்டர் அடிக்க அருமையான அணி. அடுத்த மூன்று சீசனும் லீக் பட்டம் வரவில்லை.

என் பக்கம் டி ஸ்டெஃபானோ இருந்தார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஐரோப்பியக் கோப்பைகள் ஜெயித்து, ஐந்து இறுதி ஆட்டத்திலும் கோல் அடித்தவர். அதைவிடப் பெரிது, தன் கோல் வாசலுக்கு இறங்கி வந்து பந்தைப் பறித்து, நடுவில் ஒருவருக்குக் கொடுத்து வாங்கி, எதிர் வாசலில் போய் முடிப்பவர் என்று பெயர் எடுத்தவர். இன்று அதற்கு மூன்று ஆட்களை வைக்கிறார்கள். மூன்று பேருக்கும் தனித்தனிச் சம்பளம்.

முடிவு: 1998 அணி 4, 2020 அணி 3. மகள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மைத்துனன் ஏற்கவில்லை. அவன் ஏற்காததும் முறைப்படி பதிவாகியிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நீங்களும் கரண்ட் பில்லைத் திருப்பிப்போட்டு எழுத ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும். ஒரே வேண்டுகோள். முதல் பெயராகப் பெலேயை எழுதாதீர்கள். அவர் எப்படியும் வந்துவிடுவார். பந்தைப் பறித்துக்கொண்டு வரும் ஆளை முதலில் எழுதுங்கள். அவர் இல்லாவிட்டால் மிச்சம் பத்து பேரும் எதிரணி ஆடுவதை நல்ல இடத்தில் நின்று இலவசமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.