வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

திண்டுக்கல் வட்டாரத்தில் இப்போது கல்லூரி விழா, புத்தகத் திருவிழா எதுவானாலும் பறை அடித்துத்தான் தொடங்குகிறார்கள். மாணவிகள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். எண்பதுகளில் அதே சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பது ஒன்றுதான்: "யார் வீட்டுல எழவு?"

ஊர்த்தெருவில் கடைசி வீடு எங்களுடையது. பின்னால் ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினால் என் நண்பனின் வீடு, அதற்கும் பின்னால் சிறுமலை. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் அவன் அப்பா எங்கள் வாசலுக்கு வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "அய்யா" என்று தள்ளியே நிற்பார்.

அவனைப் போல் தாளம் தெரிந்த ஒருவனை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. சின்னாளப்பட்டித் தறிச் சத்தத்தை வகுப்பு பெஞ்சில் அப்படியே வாசிப்பான். நடுவில் நூல் அறுந்து தறி நிற்பதையும் விடமாட்டான்.

பறையைக் காய்ச்சுவதை அவனிடம்தான் பார்த்தேன். காய்ந்த பனையோலையைக் கொளுத்தி, புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய தோலை அந்த அனலில் காட்டித் திருப்பிக்கொண்டே இருப்பான். நடுவிரலால் ஒரு தட்டு. தலையை ஆட்டிவிட்டு மறுபடி காட்டுவான். தொளதொளவென்று கேட்ட சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசியில் கணீரென்று ஒலிக்கும். அப்போதுதான் இடக்கையில் நீளமான சிம்புக்குச்சியும் வலக்கையில் கட்டையான அடிக்குச்சியும் எடுப்பான். எழவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எது எதற்கென்று எனக்குச் சொல்லத் தெரியும். அவன் பழக்கிவிட்டது.

பள்ளி ஆண்டு விழாவில் அவனை அடிக்கவிடக் கேட்டோம். "எழவு வீட்டுச் சத்தம் இங்க எதுக்கு?" என்று ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பதினெட்டு வயதில் அவனே பறையை இறக்கி வைத்தான். இனி சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று அந்தத் தெரு இளைஞர்கள் கூடி முடிவெடுத்தார்கள். குடிக்கச் சாராயமும் கையில் கொஞ்சம் காசும் கொடுத்து, சோற்றை மட்டும் தனியாக வெளியே வைக்கிற வேலையை எத்தனை தலைமுறைதான் செய்வது? அவர்கள் மறுத்தது முழுக்க நியாயம் என்றே இன்றும் சொல்வேன். ஊரில் அதற்குப் பிறகு அவனால் இருக்க முடியவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவ்வளவு பெரிய கலைஞன் தன் மானத்தைக் காப்பாற்றத் தன் கலையை விட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

அந்தச் சமயத்தில்தான், 1990இல், இதே திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 'சக்தி கலைக்குழு'வைத் தொடங்கினார். ஆண்கள் மட்டுமே எடுத்த பறையை, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தலித் பெண்கள் தோளில் மாட்டினார்கள். எழவு வீட்டுக்குப் போகாமல் மேடையில் ஏறி அடித்தார்கள். அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கலைவிழா பறையை நகரத்துப் பூங்காக்களுக்குக் கொண்டுபோனது. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நண்பன்தான் முதலில் போன் செய்தான். பேச்சு வரவில்லை அவனுக்கு.

சமீபத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு அவனை அழைத்துப் போனேன். நரைத்துவிட்டான். பிள்ளைகள் அடிக்கத் தொடங்கியதுமே என் பக்கம் சாய்ந்து, "தோலு காயலடா, சத்தம் மொத்தையா விழுகுது" என்றான். பாதிப் பறைகளில் இப்போது தோலே இல்லை, பைபர்தான். நிகழ்ச்சி முடிந்ததும் தோல் பறை வைத்திருந்த மாணவியிடம் போய், காகிதத்தைக் கொளுத்திக் காய்ச்சிக் கொடுத்தான். அந்தப் பெண் ஒரு அடி அடித்துவிட்டு, "தாத்தா, நீங்க ஆசானா?" என்று கேட்டாள்.

இசைக்கு மரியாதை வந்துவிட்டது; சந்தோஷம். அதைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் பலர் இன்னும் பந்தலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். உங்கள் ஊர் விழாவுக்குப் பறை வேண்டுமென்றால் முதலில் உங்கள் ஊரிலேயே அடிக்கும் பெரியவரைக் கேளுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதிருந்தால் பதிந்து கொடுங்கள். மேடைக் குழுவுக்குக் கொடுக்கிற அதே தொகையை அவருக்கும் கொடுங்கள். பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காரவைத்து இலை போடுங்கள்.