பிய்ந்த முதல் தோசை யாருக்கு? உரிமையியல் நோக்கில் ஓர் ஆய்வு

கல்லில் முதலில் வார்க்கும் தோசை பிய்யும் என்பது உலகறிந்தது. பிய்ந்த தோசை எங்கே போகிறது என்பதுதான் உலகறியாதது. ஹாட் பாக்ஸில் தேடினால் இருக்காது. சாப்பாட்டு மேஜையில் யார் தட்டிலும் இருக்காது. குப்பைக் கூடையிலும் இருக்காது. காலை ஏழேமுக்காலுக்கும் எட்டேகாலுக்கும் இடையில், அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே, நின்ற நிலையில், தட்டில்லாமல் அது மறைந்துவிடுகிறது. முப்பது வருடமாக இந்த மர்மத்துக்கு மிக அருகில் இருந்தும் நான் இதைப் பற்றி எதுவும் பேசாததற்குக் காரணம், வாயில் தோசை இருந்ததுதான்.

முன்னோர் ஆய்வுகளை முதலில் பார்த்துவிடுவது முறை. உளுந்து மாவைப் பொங்கவைக்கும் நுண்ணுயிரியைக் கண்டுபிடித்து, லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அதற்கே இவ்வளவு நீளப் பெயர். பிய்ந்த தோசையைத் தின்பவர் ஐந்தடிக்குமேல் உயரமிருந்தும் பெயரில்லாமல் இருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் செய்த 'மானசோல்லாசம்' தோசைக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் அரசன் எழுதிய நூல் பாருங்கள், முழுத் தோசையோடு நின்றுவிட்டது. பிய்ந்தது அரண்மனை மடைப்பள்ளியைத் தாண்டி வந்திருக்காது.

வள்ளுவரிடம் போனால் வழி பிறக்கும் என்று போனேன். விருந்தோம்பல் அதிகாரத்தின் 85ஆம் குறள், விருந்தினரை உபசரித்துவிட்டு எஞ்சியதை உண்பவனின் நிலத்துக்கு விதைக்கவும் வேண்டுமா என்று கேட்கிறது. நெஞ்சு நிமிர்ந்தது. நம் கட்சிக்கு ஆதரவு கிடைத்துவிட்டது என்று நினைத்து இலக்கணத்தைக் கவனித்தால், உண்பவர் ஆண்பாலில் இருக்கிறார். என் கள ஆய்வில் இதுவரை அந்தப் பாலில் ஒருவரும் சிக்கவில்லை. திருக்குறளுக்குப் பதின்மர் உரை எழுதினார்கள் என்பது மரபு. மணக்குடவர், பரிதியார், பரிப்பெருமாள், காலிங்கர், பரிமேலழகர் என ஐவர் உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. 'எஞ்சியது' என்றால் அளவில் எஞ்சியதா, தரத்தில் எஞ்சியதா என்ற இடத்தில்தான் பிய்ந்த தோசையின் தலைவிதியே தொங்குகிறது. அவர்கள் உரை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்படியில் நின்றவர்களைக் கேட்டிருந்தால் ஒரு வரி சேர்ந்திருக்கும்.

இனி, தோசை ஏன் பிய்கிறது என்பது. இரும்புக் கல் கனமானது, சூடேற நேரம் கேட்கும். காயாத கல்லில் மாவை ஊற்றினால், அடியில் ஆவி கிளம்பித் தூக்கிவிடும் முன்பே ஈர மாவு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிறகு திருப்பியை விட்டுச் சுரண்டினால் வருவது தோசையல்ல, வரைபடம். கல் அளவுக்கு மீறிக் காய்ந்தாலும் வம்பு. மாவு பரவாமல் கரண்டியோடே எழுந்து வரும். அதற்குத்தான் தண்ணீர் தெளிப்பதும், பாதி வெங்காயத்தைக் கத்தியில் குத்தி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பதும். இத்தனையும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் முதல் தோசை பிய்வது ஏன் என்பதை ஆய்வின் இறுதிக்கு ஒத்திவைக்கிறேன்.

பிய்ந்த தோசை தனி உயிரினம் அல்ல, ஒரு பெருங்குடும்பத்தின் உறுப்பினர். டிக்காஷன் முதல் இறக்கல் வந்தவர்களுக்கு, அதே பொடியில் வெந்நீர் விட்ட இரண்டாம் இறக்கல் போட்டவருக்கு. விளிம்பு நெளிந்த டம்ளர், காது போன கப், குழம்பின் அடிவண்டல், பாக்கெட்டின் அடியில் உடைந்து கிடக்கும் பிஸ்கெட் எல்லாம் இந்தக் குலமே. நைட்டியும் இதில் சேரும். பீரோவில் மூன்று புது நைட்டிகள் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் உடுத்துவதற்கு. அதாவது, எனக்கு நல்ல துணி கிடைக்க வேண்டுமென்றால் முதலில் எனக்கு நோய் வர வேண்டும்.

ஆய்வு என்றால் எண் வேண்டும் என்பார்கள். தருகிறேன். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் பிய்ந்த தோசையுமாக நிற்கும் நிமிடத்தைச் சமையலில் எழுதுவதா, சாப்பாட்டில் எழுதுவதா என்பது என் ஐயம். அடுத்த எண் சிரிப்புக்கு உதவாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வாழ்நாளெல்லாம் இரும்புக் கல்லின் முன்னால் நிற்பவர்களுக்குத்தான் இரும்புச்சத்து இல்லை.

அந்தக் கணக்கில் ஒரு காலத்தில் நானும் இருந்தேன். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, காபியோடு சேர்க்காதீர்கள், எலுமிச்சை ஜூஸ் நல்லது என்றார். காபி உடம்பில் இரும்பு சேர்வதைக் கெடுக்கும். இதையே என் கணவருக்குச் சொல்லியிருந்தால், வேளைக்கு ஒரு பழம் பிழிந்து, வடிகட்டி, மாத்திரையோடு கையில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அவருடைய பிரஷர் மாத்திரைக்குக் கிழமை எழுதிய டப்பா உண்டு. செவ்வாய்க்கிழமை அறை திறக்காமல் இருந்தால் புதன்கிழமை வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். என் மாத்திரையை நான் இரண்டாம் டிக்காஷனோடு விழுங்கினேன், அதுவும் நினைவு வந்த நாளில்.

'அற்றேல், இது அன்பன்றோ? இதைப் போய் ஆராய்வானேன்?' எனின், அன்று என்க. என்னை? விருந்தாளி டம்ளரைத் தவறவிட்டு உடைத்தால், "பரவாயில்லீங்க, கண்ணாடிதானே, கால்ல குத்திடாம தள்ளி நில்லுங்க" என்கிறேன். அதே டம்ளர் என் கையிலிருந்து விழுந்தால், "கண்ணு எங்க இருக்கு, கழுதை" என்கிறேன். காலில் குத்துமா என்ற கேள்வி எழுவதேயில்லை. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003இல், மனிதர் தம்மிடம் தாமே எவ்வளவு பரிவாக இருக்கிறார்கள் என்பதை அளக்க 26 கூற்றுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு டம்ளரைப் போட்டு உடைத்தே முடிவைத் தெரிந்துகொண்டிருக்கலாம். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும் என்று ஒரு பழமொழி இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது. நன்கொடைப் புத்தகத்தோடு வருபவர்களை வாசலோடு அனுப்பப் பயன்படுகிறது. அடுப்படிப் பக்கம் அது வந்து நான் பார்த்ததில்லை.

இந்த ஆய்வின் மையம் இனிதான் வருகிறது. அது 'போதும்' என்ற சொல்லின் இலக்கணம்.

பந்தியில் இந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் கிடையாது. விருந்தாளி இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து "போதும், போதும்" என்றால், இன்னொன்று வைக்கலாம் என்று பொருள் கொள்வது நம் மரபு. என் மாமியார், கை மறைத்த இலையிலும் விரலிடுக்கில் தோசையைச் செருகுவதில் தேர்ந்தவர். "பாதி மட்டும்" என்று சொல்லிக்கொண்டே முழுசை வைப்பார். மூன்றாவது 'போதும்'தான் செல்லுபடியாகும், அதுவும் ஏப்பத்தோடு வந்தால். "சாப்பிட்டுத்தான் வந்தேன்" என்பவரை நாம் நம்புவதில்லை. முகம் வாடியிருந்து "ஒண்ணுமில்ல" என்பவரையும் நம்புவதில்லை. உட்காரவைத்து மறுபடி கேட்கிறோம். அந்த அவநம்பிக்கைக்குத்தான் உபசாரம் என்று பெயர்.

என் 'போதும்'ஐ மட்டும் நான் முதல் தடவையிலேயே நம்பிவிடுகிறேன். எட்டு மாதம் முழங்கால் வலித்தது. "ஒண்ணுமில்ல" என்று எனக்கே சொன்னேன். சரி என்று நானே ஒப்புக்கொண்டு தைலத்தைத் தேய்த்தேன். இதே பதிலை என் தங்கை சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே ஆட்டோ பிடித்திருப்பேன்.

ஆகவே ஒரு சோதனை செய்து பார்த்தேன். கணவர் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். மகன் பெங்களூரில். சனிக்கிழமை காலை எட்டரை மணி. வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறார், அது நான்தான் என்று வைத்துக்கொண்டேன். பரணிலிருந்து பூப்போட்ட பீங்கான் தட்டை இறக்கினேன். ஸ்டூல் மேல் ஏறும்போது, விருந்தாளிக்கு முழங்கால் வலி என்பதால் சுவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஒரு ஆளுக்காக யாரும் சட்னி அரைப்பதில்லை. ஆனால் வந்தவருக்கு வெறும் பொடியை வைத்தால் ஊரில் என்ன பேசுவார்கள்? தேங்காய்ச் சட்னி அரைத்துக் கடுகும் தாளித்தேன். முதல் டிக்காஷனில் காபி. வார்ப்பவரும் உண்பவரும் ஒருவரே என்பதால் நடுநடுவே எழுந்து போக வேண்டியிருந்தது. ஆய்வு முறையில் இது ஒரு குறைதான்.

பெரிய சிக்கல் வேறு. பிய்ந்த தோசையை என்ன செய்வது என்று தனியாக ஒரு கிண்ணம்கூட எடுத்து வைத்திருந்தேன். அடுப்பைப் பற்றவைத்து, கல் காயும்வரை ஜன்னலில் நின்றேன். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். யாரும் "ஆச்சா?" என்று கேட்கவில்லை. தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. வெங்காயம் தேய்த்து மாவை ஊற்றி வட்டமாக இழுத்துவிட்டேன். சற்று நேரத்தில் ஓரம் தானாகவே எழுந்தது. திருப்பியைக் கொடுத்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. பிய்யவில்லை. அன்றைக்கு மகனுடைய பள்ளிக்கூட வேன், இன்றைக்கு இவருடைய ஆபீஸ் பஸ். இரண்டையும் சேர்த்துத்தான் முப்பது வருடமாகக் கல்லின் குணம் என்று நினைத்திருக்கிறேன் போலும். ஆய்வுப் பொருளே கிடைக்காமல் கிண்ணம் காலியாக நின்றது.

இரண்டு தோசை ஆனதும் விருந்தாளி "போதும்" என்றார். மரபுப்படி நான் நம்பவில்லை. மூன்றாவதை முறுகலாக வார்த்து, பொடி தூவி, நல்லெண்ணெய் விட்டுத் தட்டில் வைத்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. கணவர்.

"என்ன பண்றே?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கேன். இருங்க, முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"வீட்டுக்கு யாரு வந்திருக்கா?" என்றார்.