ஒருநாள் ராஜயோகம், நிபந்தனைகளுக்கு உட்பட்டது

பெறுநர்: பிரிட்டனின் ஸ்பா விடுதி நிர்வாகத்தார் அனைவரும்.

பொருள்: ஒருநாள் ஸ்பா பேக்கேஜ் வாங்கியவர்கள் சிறப்புக் கோரிக்கை வைக்கத் துணிவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

குளிக்கும் இடத்து அதிகாரத்துக்கு மனுப் போடுவது தங்கள் நாட்டில் புதிய வழக்கமல்ல. பாத் நகரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஏறக்குறைய 130 ஈயத் தகடுகளை எடுத்திருக்கிறார்கள். ரோமானியர் ஆட்சிக் காலத்தில் அங்கே குளிக்கப் போய், கரையேறுவதற்குள் மேலங்கியைப் பறிகொடுத்தவர்களும் காசைத் தொலைத்தவர்களும், திருடனைத் தண்டிக்கும்படி சூலிஸ் மினர்வா தேவிக்கு எழுதிச் சுருட்டி நீரில் போட்டவை அவை. தேவி என்ன நடவடிக்கை எடுத்தாள் என்று தெரியவில்லை. 'தங்கள் கோரிக்கை தாங்கள் வாங்கிய பேக்கேஜில் அடங்காது' என்று அவள் பதில் அனுப்பியதாகத் தகடு எதுவும் கிடைக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இந்த மனுவும்.

ஒருநாள் பேக்கேஜ் என்ற தங்கள் ஏற்பாட்டைப் பாராட்டாமல் மேலே போவது நன்றிகெட்ட செயல். காலையில் போய் இறங்கினால் ஒரு வெள்ளை அங்கி, ஒரு ஜோடி செருப்பு. நீச்சல்குளம், ஜக்கூசி, சானா, நீராவி அறை எல்லாவற்றிலும் இஷ்டம்போல் ஊறலாம். நடுவில் 25 நிமிட மசாஜோ ஃபேஷியலோ உண்டு. பிற்பகலில் அடுக்குத் தட்டில் சாண்ட்விச், ஸ்கோன், கேக். பக்கத்தில் ஒரு கிளாஸ் புரோசெக்கோ. இவற்றைத் தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவை விடக் குறைவாகத் தாங்கள் தர முடிவதற்குக் காரணம், எல்லோருக்கும் ஒரே மாதிரி தருவதுதான். கல்யாணப் பந்தியில் ஆளுக்கொரு குழம்பு கேட்டால் சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார் என்பது எங்களுக்கும் தெரியும். விலை மலிவு என்றால் தேர்வும் குறைவு என்பது நியாயமான வணிகம். அதில் எனக்கு வழக்கில்லை.

வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் தாங்கள் விற்பது மலிவான பந்திச் சாப்பாடு அல்ல. 'உங்களுக்கே உங்களுக்காக', 'உங்கள் உடல் சொல்வதைக் கேட்டு' என்றெல்லாம் மெழுகுவத்திப் படத்தோடு எழுதுகிறீர்கள். உடல் சொல்வதைக் கேட்கும் அந்தக் காது, பணம் கைமாறியதும் மந்தமாகிவிடுகிறது. 'மாற்றங்கள் ஏற்கப்பட மாட்டா' என்ற வரி, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் கீழே படுத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், நியாயமற்ற நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது என்கிறது. ஆகவே அந்த வரியைத் தாங்கள் எழுதிவிட்டதாலேயே அது வேதவாக்காகிவிடாது. பெரிய எழுத்தில் கொடுத்த வாக்கைச் சின்ன எழுத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்தக் கலையையும் ஒரு சிகிச்சையாகப் பட்டியலில் சேர்த்து, அதற்குத் தனிக் கட்டணம் வைக்கலாம்.

கோரிக்கைகள் எல்லாம் ஒரே சாதி அல்ல. 25 நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கித் தரக் கேட்பவர், ஓய்வறையில் தோழிகளோடு தன் பாட்டை ஒலிக்கவிடக் கேட்கும் மணப்பெண், அறிவிப்பில்லாமல் மூன்று குழந்தைகளைக் கூட்டிவந்து 'கொஞ்சம் அனுசரியுங்கள்' என்பவர் ஆகிய இவர்களெல்லாம் வாங்கிய பொருளை விட்டுவிட்டு வேறொரு பொருளைக் கேட்பவர்கள். தாராளமாக மறுத்துவிடுங்கள்; மறுக்கும்போது புன்னகைக்கக்கூட வேண்டியதில்லை. வாங்கிய பொருளையே அனுபவிப்பதற்கு ஒரு வழி கேட்பவர் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். குப்புறப் படுக்க முடியாத கர்ப்பிணி, படியில் இறங்கிக் குளத்துக்குள் போக முடியாதவர், கொட்டைப் பருப்பு ஒவ்வாதவர், பெண் தெரபிஸ்ட் தவிர வேறு யாரும் தொடுவதை ஏற்க முடியாதவர், தங்கள் அலமாரியில் இருக்கும் ஒரே அளவு அங்கி முன்பக்கம் மூடாதவர் எல்லோரும் மற்றவர்கள் பெறும் அதே நாளைத்தான் கேட்கிறார்கள். இரண்டு வகையையும் ஒரே 'இல்லை'யால் சமாளிப்பது தங்களுக்கு வசதி. சமத்துவம் என்றும் அதற்குப் பெயர் சூட்டிக்கொள்கிறீர்கள்.

அந்தச் சொல்லை எடுத்ததால் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றிலும், பொதுமக்களுக்குச் சேவை விற்பவர் மாற்றுத்திறனாளிகளுக்காக நியாயமான மாற்றங்களைச் செய்தாக வேண்டும். அவர்கள் வந்து வாசலில் நின்ற பிறகு யோசித்தால் போதாது. இப்படிப்பட்டவர்களும் வருவார்கள் என்று முன்கூட்டியே யோசித்துவைப்பது கடமை. அந்த மாற்றத்துக்கான செலவை அவர்கள் தலையில் கட்டவும் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவருக்குத் துணையாக, குளத்தின் பக்கம் கால் வைக்கும் எண்ணமே இல்லாமல் வரும் உதவியாளரிடம் முழுநாள் பேக்கேஜின் விலையைக் கேட்பவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். பாப்கார்ன் விற்றுப் பிழைக்கும் பிரிட்டிஷ் சினிமா அரங்குகளே சிஇஏ அட்டை என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டு, துணைக்கு வருபவருக்கு இலவச நுழைவுச்சீட்டு தருகின்றன. இருட்டில் படம் காட்டுகிறவர்களுக்குத் தெரிந்தது, 'நல்வாழ்வு' விற்கும் தங்களுக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

இத்தொழிலைத் தங்கள் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது. பிரைட்டனில் மூலிகை நீராவியும் மசாஜும் கொடுத்து, நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் ஆகிய இரு மன்னர்களின் நியமனமும் பெற்றவர். 1822-இல் அவர் வெளியிட்ட நூலில் இன்ன நோயாளி, இன்ன தொல்லை, இன்ன பலன் என்று ஆள்வாரியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைத் தம் குளியலகத்தில் பெருமையோடு மாட்டிவைத்திருந்தார் என்பார்கள். 'உனக்கு என்ன செய்கிறது?' என்று கேட்டுத் தொடங்கிய தொழில் அது. இருநூறு ஆண்டு வளர்ச்சிக்குப் பிறகு, ஊன்றுகோலோடு ஒருவர் உள்ளே வந்தால் வரவேற்பு மேசை திகைத்துப்போகிறது.

தாங்களும் கேட்கத்தான் கேட்கிறீர்கள் என்பதை நான் மறைக்கவில்லை. படிவம் ஒன்று இருக்கிறது. இரத்த அழுத்தம், நரம்புச் சுருட்டல், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், தோல் ஒவ்வாமை என்று குடும்ப வைத்தியர்கூட ஒரே மூச்சில் கேட்காததையெல்லாம் கேட்கும் அருமையான படிவம். பல விடுதிகளில் அது கைக்கு வரும் நேரம்தான் விசேஷம். பணம் கட்டி, விடுப்பு எடுத்து, ரயிலேறி வந்து, அங்கி மாட்டி, பல சமயம் சானாவிலும் ஜக்கூசியிலும் ஊறி முடித்து, மசாஜ் அறை வாசலில் உட்கார்ந்த பிறகு பேனாவோடு வருகிறது. கர்ப்ப காலத்தில் சானா, நீராவி அறை, சூடான ஜக்கூசி ஆகியவற்றைத் தவிர்க்கும்படி பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை அறிவுறுத்துகிறது. உடல் அளவுமீறிச் சூடாவதுதான் அங்கே அபாயம். அந்த அபாயத்தைக் கடந்து வந்தவரிடம், மெதுவாகத் தோள் பிடித்துவிடும் அறையின் வாசலில் வைத்து 'கர்ப்பமா?' என்று கேட்பது எந்தப் பாதுகாப்பு முறையில் சேர்த்தி? ஆம் என்று எழுதினால், முதல் மூன்று மாதத்தில் எங்களிடம் மசாஜ் கிடையாது என்ற பதில் பல இடங்களில் தயாராக இருக்கிறது. உண்மையான உடல்நல அபாயம் இருந்தால் கர்ப்பிணிக்கு ஒரு சேவையை மறுக்கச் சட்டமும் இடம் தருகிறது. மறுக்கப்போவதைப் பணம் வாங்கும்போது சொல்லியிருக்கலாமே என்பதுதான் கேள்வி.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களின் கதை இதைவிடக் கசப்பானது. அவர்களுக்கு மசாஜ் கூடாது என்பது இத்தொழிலில் நெடுங்காலம் எழுதாத விதியாக இருந்தது. தேய்த்தால் நிணநீர் வழியாகப் புற்று பரவிவிடும் என்ற அச்சமே காரணம். அப்படிப் பரவுவதற்குச் சான்று இல்லை என்று கேன்சர் ரிசர்ச் யுகே என்ற அறநிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. கட்டி உள்ள இடத்தையும் கதிர்வீச்சு பெற்ற தோலையும் தொடாமல், அழுத்தத்தைக் குறைத்துச் செய்வதற்குப் பயிற்சி வகுப்புகளும் வந்துவிட்டன. சில விடுதிகள் தம் ஊழியர்களை அவற்றுக்கு அனுப்பியும் வைத்திருக்கின்றன. மாதக்கணக்கில் மருத்துவமனைகளின் ஊசிக்கும் வெளிச்சத்துக்கும் உடம்பைக் கொடுத்தவருக்கு, தேறிவந்த மகிழ்ச்சியில் தோழிகள் வாங்கித் தந்த அன்பளிப்பு அந்த ஒருநாள். அவரை அங்கியோடு உட்காரவைத்து, மற்றவர்கள் முன்னிலையில் அதை மறுப்பதற்குத் தாங்கள் வைத்திருக்கும் சாதனம் அந்தப் படிவம். மாற்றாக நகப்பூச்சு கிடைக்கும்.

சமையலறையைப் பாருங்கள், அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. பால், முட்டை, எள், கடுகு, நிலக்கடலை, பாதாம் போன்ற கொட்டைப் பருப்புகள் என்று 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி உண்பவருக்குத் தகவல் தரவேண்டும் என்பது சட்டம். சட்டம் வந்தபோது சமையல்காரர்கள் சமைப்பதை நிறுத்திவிடவில்லை. கேட்கவும் குறித்துவைக்கவும் கற்றுக்கொண்டார்கள். மேல்மாடியில் கேக்கில் இருக்கும் பாதாமுக்கு இவ்வளவு மரியாதை. கீழ்த்தளத்தில் முதுகில் தேய்க்கும் பாதாம் எண்ணெய்க்கு, புட்டியின் பின்புறம் எழுதியிருக்கிறது என்பதோடு சரி. குப்புறப் படுத்திருப்பவர் எப்படிப் படிப்பார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சமையலறையும் குறையற்றதல்ல என்று பிரிட்டனில் வாழும் முட்டை தொடாத சைவக்காரர்கள் முணுமுணுப்பார்கள். மீனை எடுத்துவிட்டு முட்டை சாண்ட்விச்சை வைத்தால் சைவத் தட்டு ஆகிவிடும் என்பது அங்கே பரவலான நம்பிக்கை. ஆனாலும் இரண்டு நாள் முன்னால் சொன்னால் வேறு தட்டு வரும். முன்னால் சொல்ல ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்கள் மறுமொழிகளை நான் அறிவேன். காப்பீட்டு நிறுவனம் சம்மதிக்காது என்பீர்கள். காப்பீட்டின் எல்லை எதுவென்று பேக்கேஜைப் பதிவுசெய்யும் முன்பே தங்களுக்குத் தெரியும்; வாடிக்கையாளருக்குத்தான் தெரியாது. அடுத்து, தெரபிஸ்ட்களின் சிரமம். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். நாளெல்லாம் ஒருவர் பின் ஒருவராக, கைமணிக்கட்டும் இடுப்பும் தேய நிற்பவர்கள் அவர்கள். கையில் 25 நிமிடம். வாசலில் நீட்டிய படிவத்தில் 'மூன்று மாதம் முன் அறுவை சிகிச்சை' என்று எழுதியிருந்தால், அந்தத் தெரபிஸ்ட் என்ன செய்வார்? யாரையும் கேட்க நேரமில்லை. பயந்து மறுப்பார், கோபத்தையும் அவரே வாங்கிக்கட்டிக்கொள்வார். அவரை அந்த நிலையில் நிறுத்தியது கோரிக்கை அல்ல, கோரிக்கை வந்து சேர்ந்த நேரம். ஒரு வாரம் முன்பு தெரிந்திருந்தால் பயிற்சி பெற்றவரை அமர்த்தியிருக்கலாம், பக்கவாட்டில் படுக்கத் தலையணை எடுத்துவைத்திருக்கலாம், அல்லது இன்னது முடியாது என்று கௌரவமாகச் சொல்லிப் பணத்தைத் திருப்பியிருக்கலாம்.

ஸ்பா பேக்கேஜ் பெரும்பாலும் அன்பளிப்பு, வாங்குகிறவர் ஒருவர், வருகிறவர் வேறொருவர், யாரைக் கேட்பது என்றும் சொல்வீர்கள். வவுச்சர் யார் வாங்கினாலும், வருகிறவர் ஒருநாள் தங்களிடம் தேதி குறித்தே ஆகவேண்டும். வார இறுதிக்குக் கூடுதல் கட்டணம் கேட்க அந்த நொடியில் தாங்கள் மறப்பதே இல்லை. விமான நிறுவனங்களும் குறைந்த விலைக்கு ஒரே மாதிரி இருக்கை விற்பவைதான். சக்கர நாற்காலி உதவி வேண்டுமானால் 48 மணி நேரம் முன்பு சொல்லுங்கள் என்கின்றன. சொன்னவருக்கு வாசலில் ஆள் நிற்கிறார். ஒன்றுக்கு இணங்கினால் நூறு பேர் கிளம்புவார்கள் என்ற அச்சத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தேவையில்லாமல் யாரும் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி கேட்பதில்லை என்று நான் சாதிக்கமாட்டேன். சிலர் கேட்கத்தான் செய்வார்கள். அதற்காக நாற்காலிகளைப் பூட்டிவைத்த விமான நிலையம் இல்லை.

செலவு என்பீர்கள். மது அருந்தாதவர் புரோசெக்கோவுக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு கேட்கும்போது மிச்சமாவது தங்களுக்குத்தான். அந்த மிச்சத்தை யாரும் திருப்பித் தந்ததாகத் தெரியவில்லை. அதில் பெரிய அளவு அங்கிகள் நாலு வாங்கிப்போடலாம்.

ஆகவே தங்களைப் பணிந்து வேண்டுவது இவ்வளவுதான். தேதி குறிக்கும் பக்கத்தில், அட்டை எண்ணைக் கேட்கும் கட்டத்துக்கு மேலே, 'உங்களுக்கு ஏதாவது ஏற்பாடு தேவையா?' என்று ஒரு கட்டம் போடுங்கள். அதை நிரப்புகிறவருக்கு, முடியும் அல்லது முடியாது என்று 3 நாளுக்குள் ஒரு மனிதர் பதில் எழுதட்டும். முடியாது என்றால் முழுப் பணமும் திரும்பட்டும். பேக்கேஜுக்கு அடங்காத ஆசைகளை அதன் பிறகு எவ்வளவு கண்டிப்பாக மறுத்தாலும் தங்கள் பக்கம் நின்று பேச நான் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நிபந்தனைகளைக் கடைசி வரி வரை படித்த ஒருவர்