கிரகணத்துக்குக் காத்திருந்த மந்திரம்

மந்திரம் நிஜமாகவே பலிக்கும் என்றால் முதலில் எதைக் கற்றுக்கொள்வாய் என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்று கேட்டால் பறப்பது, மறைவது, படிக்காமலே பரீட்சை எழுதுவது என்று அடுக்குகிறார்கள். மாயாஜாலப் பள்ளிக்கூடக் கதைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆசை அப்படித்தான் போகும். 1970-களின் கடைசியில் கிணத்துக்கடவு பக்கம் தோட்டங்காட்டில் வளர்ந்த எங்களுக்கோ இது கற்பனைக் கேள்வியே அல்ல. மந்திரம் தெரிந்தவர் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தார். எதை முதலில் கற்பது என்பதிலும் பொடியன்கள் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. தேள்கடி மந்திரம். அது கைவந்துவிட்டால் அடுத்தது பாம்புக்கடி.

ஏன் அது என்று கேட்கத் தோன்றாத வாழ்க்கை. சோளத்தட்டுப் போரில் தட்டு உருவும்போது கொட்டும். ஓட்டுச்சாளையில் எரவாணத்தில் செருகிய அரிவாளை எடுக்கும்போது கொட்டும். கடலைக்கொடி பிடுங்குகிற பெண்கள் விரலை உதறிக்கொண்டு அலறுவார்கள். மோட்டாருக்குக் கரண்ட் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். அப்போது எழுந்து வெறுங்காலோடு வரப்பில் தண்ணீர் கட்டப் போகிறவர்களுக்குக் கையிலிருக்கும் அரிக்கேன் விளக்கு நாலடிக்கு மேல் காட்டாது. ஊரில் யாராவது ஒருவர் பாம்பு கடித்துச் செத்த கதையை வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

மந்திரிக்கிற அப்பாரு என்றுதான் அவரைச் சுற்றுப்பக்கம் எல்லோரும் சொல்வோம். கொட்டுப்பட்டவரைக் கிழக்குப் பார்த்து உட்கார வைப்பார். பித்தளைச் சொம்பில் தண்ணீர், கையில் வேப்பங்குழை. உதடு அசையும், சத்தம் வராது. குழையைத் தோளிலிருந்து கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே வருவார்.

"எங்கங் கண்ணு நிக்குது?"

"மொழங்கையில நிக்குதுங் அப்பாரே."

மறுபடியும் இழுப்பார். மணிக்கட்டுக்கு வரும். விரலுக்கு வரும். கடைசியில் குழையைத் தரையில் அடிப்பார். வலி மண்ணுக்குப் போய்விடும். துடித்துக்கொண்டு வந்தவர் நடந்து திரும்பியதைப் பலமுறை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மந்திரத்தைவிட அதற்கு இருந்த கட்டுப்பாடுகள்தான் இன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. காசு வாங்கக்கூடாது, வெற்றிலை பாக்குகூடக் கூடாது. நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் எழுந்து போக வேண்டும். சோறு பாதியில் இருந்தால் கையைக் கழுவிவிட்டுப் போக வேண்டும். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு இழுத்தவன் வீட்டுப் பிள்ளையானாலும் மறுக்கக்கூடாது. பண்ணையத்து ஆட்களுக்குத் தனிக் குவளை வைத்திருந்த காலம் அது. அந்த ஆட்களின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்து மந்திரித்த ஒரே ஆளாக எனக்கு அவரைத்தான் தெரியும். மந்திரத்துக்குத் தீட்டு கிடையாது என்பார். மற்ற நேரத்தில் அவரும் ஊரோடு ஒத்துப்போனவர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மந்திரத்தைக் கண்ட நாளில் வாங்கிவிட முடியாது. கிரகண நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாங்கி, விடும்வரை உருப்போட வேண்டும். 1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை, பிற்பகலில் சூரிய கிரகணம். கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் சில இடங்களில் முழுதாக இருட்டிய கிரகணம் அது. எங்கள் பக்கம் சூரியனில் பெரும்பகுதி மறைந்தது. வீடுகளில் ஊறுகாய்ச் சாடியில் தர்ப்பை போட்டார்கள். தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்த்தார்கள். நான் அதற்கு வெகு முன்பிருந்தே அப்பாருவை நச்சரித்து வைத்திருந்தேன். "கெரகணம் வரட்டும் கண்ணு" என்று அவரும் சொல்லியிருந்தார்.

அன்றைக்குக் கிணற்றுப் படியில் அவர் இறங்கவில்லை. தொண்டுப்பட்டி ஓரமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"இது தேளுக்குத்தாங் கண்ணு கேக்குது. கட்டுவிரியன் தொட்ட ரெண்டு பேரு என்ற கைக்குள்ளயே போய்ட்டாங்க. நீ ஊசி போடற படிப்பப் படி."

அதற்கு முன்பே பாம்பு என்று யார் வந்தாலும் அவர் சொம்பை எடுப்பதை நிறுத்தியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வண்டி பூட்டச் சொல்வார். பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போகிற பஸ்ஸை மறித்து ஏற்றிவிடுவார். மந்திரத்தை வாங்க நான் கிரகணத்துக்குக் காத்திருக்க, மந்திரத்தை வைத்திருந்தவர் ஊசிக்குக் காத்திருந்தார்.

அவர் கை தேளில் பலித்ததற்கும் கட்டுவிரியனிடம் தோற்றதற்கும் காரணம் உண்டு. எங்கள் பக்கம் அதிகம் தென்படுவது பெரிய கருந்தேள். கடுப்பு உயிர் போகிற மாதிரி இருக்கும், உயிர் போகாது. சில மணி நேரத்தில் தானே அடங்கும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கையைத் தடவி, எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பயம் இறங்கும். பயம் இறங்கினால் வலியும் பாதி இறங்கும். பாம்பிலும் சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு என்று ஆளைக் கொல்லாதவையே பெரும்பாலானவை. விஷப்பாம்பே கடித்தாலும் சில சமயம் விஷத்தை இறக்காமல் விட்டுவிடும். அப்படிப் பிழைத்தவர்கள் எல்லோரும் மந்திரத்தின் கணக்கில் சேர்ந்தார்கள். கட்டுவிரியன் அந்தக் கணக்கை ஏற்காது. ராத்திரி தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி இருக்காது, பல் பட்ட தடம்கூடச் சரியாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், இமை சொக்கும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு நிற்கும்.

செந்தேளும் அப்படித்தான், சின்னது, கொல்லக்கூடியது. அதன் விஷம் ரத்த அழுத்தத்தை ஏகத்துக்கு ஏற்றி, இதயத்தைத் தளரவைத்து, நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடும். மகாராஷ்டிரத்தின் மகாட் பகுதியில், கொங்கணக் கரையோரக் கிராமங்களில், 1970-களின் பிற்பகுதியில் வேலைக்குச் சேர்ந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர் என்ற மருத்துவர் இதை இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து குறித்துவைத்தார். ரத்த அழுத்தத்துக்குத் தருகிற பிரசோசின் என்ற மலிவான மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது ஒன்றுக்கு இறங்கியது. அவர் எழுதியது லண்டனின் 'லான்செட்' இதழில் வந்தது. 2022-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாங்கள் கேட்ட தேள்கடி மந்திரம், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில், ஒரு மாத்திரையாக அங்கே உருவாகிக்கொண்டிருந்தது.

பாம்புக்கடிக்கான மருந்தின் கதை இன்னும் நெருக்கமானது. 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையொட்டிய தடைகளும் பாம்புத்தோல் வியாபாரத்தை நிறுத்த, அதற்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்த செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பிழைப்பற்றுப் போனார்கள். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து வந்து, மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் நாட்டின் விஷமுறிவு மருந்தில் பெரும்பங்கு தயாராகிறது. சங்கத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஈரமண்ணில் பாம்பு போன தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எப்போது போயிற்று என்று சொல்கிற அந்த அறிவை எந்தக் கிரகணத்திலும் வாங்கிவிட முடியாது. தகப்பனோடு நடந்து நடந்து வருவது. நாங்கள் தேடிய மந்திரவாதிகள் அவர்கள்தான் என்று நான் மனதார நம்புகிறேன்.

இன்றைக்கு அந்த மருந்துக் குப்பி பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது. 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. காசு வாங்கக்கூடாது, நடுராத்திரியானாலும் வர வேண்டும், ஆள் பார்க்கக்கூடாது என்று அப்பாரு கட்டிக்காத்த விதிகளெல்லாம் அரசாங்கத்தின் விதிகளாகியிருக்கின்றன. ஆனால் கையெழுத்துப் போடத் தெரியாத அந்த மனிதர் அன்றே கைவிட்டதை, இன்று பட்டம் படித்தவர்கள் செல்போனில் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிறியாநங்கையை அரைத்துக் கொடுத்தால் போதும், இந்தக் கல்லை வைத்தால் விஷத்தை உறிஞ்சிவிடும், ஊசி தேவையில்லை என்று காணொலி வருகிறது. சொந்தக்காரர்களே அனுப்புகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. கட்டுவிரியன் கடித்த ஒருவருக்கு அந்தக் காணொலியைப் பார்க்கிற நேரம்கூட உயிர்தான். கடிவாயைக் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கயிறு போட்டு இறுக்கக்கூடாது; கடிபட்ட காலை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவுதான் வீட்டில் செய்ய வேண்டியது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000 பேர், பெரும்பாலும் கிராமத்தார். 2024-ல் ஒன்றிய அரசு இந்தச் சாவுகளை 2030-க்குள் பாதியாக்கத் திட்டம் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. கணக்கில் வராத சாவுக்கு மருந்து ஒதுக்க மாட்டார்கள் என்பதால் இதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

எங்கள் பக்கம் சோளக்காடு தென்னந்தோப்பாகிவிட்டது. தட்டுப்போர் இருந்த இடத்தில் தேங்காய் மட்டைக் குவியல். எலிக்கும் தவளைக்கும் அது நல்ல இடம், ஆகவே பாம்புக்கும். அதை ஒட்டித் தென்னை நார் மில்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் இன்று கட்டிலில்தான் படுக்கிறோம். எங்கள் பாட்டன்கள் தரையில் படுத்ததுபோலத் தகரக் கொட்டகையில் தரையில் படுப்பவர்கள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்த பையன்கள். ராத்திரி கடிபட்டால் யாரைக் கூப்பிடுவது, என்ன மொழியில் சொல்வது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. கொசுவலைக்குள் படுப்பவர்களைப் பாம்பு கடிப்பது குறைவு என்று நேபாளத்துச் சமவெளியில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியனுக்கு வழி கிடையாது.

பொன்மலை வேலாயுதசுவாமி கோயில் அடிவாரத்திலோ தக்காளிச் சந்தையிலோ மில் வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் மழை, தேங்காய் விலை எல்லாம் பேசி முடித்துவிட்டு நான் கேட்பது ஒன்றுதான்.

"பையன்களுக்குக் கட்டிலும் வலையும் வாங்கிக் குடுத்தாச்சுங்களா?"