நிலத்தடி மாநகராட்சி ஆணையருக்கு ஒரு மனு

அனுப்புநர்:
கார் வைத்திருந்தும் ஓட்டாதோர்,
மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு பெருச்சாளியார் அவர்கள்,
ஆணையர், சென்னை நிலத்தடி மாநகராட்சி,
மழைநீர் வடிகால் வளாகம் (மூடி உடைந்த பக்கம் வழியாக).

பொருள்: கார் வயரிங் கடிக்கப்படுவது – கடித்ததற்குச் சான்றிதழ் கோருவது – தொடர்பாக.

பார்வை: ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் தங்கள் துறையினர் விட்டுச்சென்ற மசால்வடைத் துண்டு. நாளிடப்படாதது.

ஐயா,

இந்த மனு ரிப்பன் மாளிகைக்கு அல்லவா போக வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். ரிப்பன் மாளிகை கட்டி முடிந்தது 1913இல். அங்கே இயங்கும் மாநகராட்சியே 1688இல்தான் பிறந்தது. தங்கள் நிர்வாகம் அதற்கெல்லாம் மூத்தது. இரவு ஷிஃப்ட்டுக்கு ஆள் வரவில்லை என்ற பேச்சு தங்களிடம் கிடையாது. ஞாயிறு, தீபாவளி, தேர்தல் நாள் எதற்கும் கதவடைப்பதில்லை. லஸ் கார்னரில் விழும் மழைத்தண்ணீர் எந்த வடிகாலில் புகுந்து எங்கே முட்டிக்கொண்டு நிற்கும் என்பதை உள்ளே நடந்து பார்த்தே தெரிந்துவைத்திருப்பது தங்கள் துறை ஒன்றுதான். ஆகவே சரியான அலுவலகத்துக்கு எழுதுகிறோம் என்ற திருப்தி மனுதாரர்களுக்கு இருக்கிறது.

முதலில் மரியாதை. தங்கள் குலத்தை ஆங்கிலேயர் பேண்டிகூட் என்று அழைத்தது தெலுங்கின் பந்திக்கொக்கு என்ற சொல்லைக் கேட்டுத்தான். பன்றி எலி என்று அர்த்தம். அந்தப் பெயரைக் கப்பலேற்றிக்கொண்டுபோய், வயிற்றில் பையோடு திரியும் வேறொரு பிராணிக்கு ஆஸ்திரேலியாவில் வைத்துவிட்டார்கள். இங்கே பிறந்து அங்கே குடியுரிமை வாங்கிய பெயர். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பாதி வீடுகளில் பிள்ளைகளின் கதையும் அதுதான்.

வழக்கு தொடங்குவதும் அங்கேதான். பெண்ணுக்குப் பிரசவம் என்று ஒரு தம்பதி நியூஜெர்சி கிளம்புகிறார்கள். பார்வையாளர் விசா, ஆறு மாதம். பாலை நிறுத்தச் சொல்லி, பேப்பரை நிறுத்தச் சொல்லி, கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை திரும்பிவந்து பார்த்து, கடைசியில் காரை அபார்ட்மெண்டின் தூண்களுக்கு நடுவே நிறுத்துகிறார்கள். தூசி படக்கூடாதே என்று கவர் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டுகிறார்கள். தங்கள் துறையினர் கண்ணுக்கு அது காராகவா தெரியும்? நல்ல இருட்டு, மழை ஒழுகாத கூரை, பானட்டுக்கு உட்புறம் பஞ்சு மெத்தை, பத்து மாத அட்வான்ஸ் கேட்காத, சைவமா அசைவமா என்று விசாரிக்காத வீட்டுக்காரர். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பழமொழி சொன்னவர்கள், அந்த வளைக்கு நாலு சக்கரமும் கிடைக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஆறு மாதம் கழித்து வந்து சாவியைத் திருகினால் வண்டி ஒரு முறை இருமிவிட்டு அடங்குகிறது. டாஷ்போர்டில் கார்த்திகை தீபம்போல எல்லா விளக்கும் எரிகின்றன. மெக்கானிக் வந்து பானட்டைத் தூக்குகிறார். மெத்தை கிழிந்து உருண்டையாகி ஒரு மூலையில் கூடாகியிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியில் நிலக்கடலைத் தோல், தேங்காய்ச் சில்லு, எலும்புத் துண்டு. அந்த எலும்பைப் பார்த்ததும் வீட்டு மாமி இரண்டடி பின்வாங்குகிறார். வயர் போன செலவைவிட இது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய அடி. ஏசி போட்டதும் வரும் வாசனையைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று மனுதாரர்கள் ஒருமனதாக முடிவெடுத்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தம்பதி அமெரிக்காவில் பார்த்துவிட்டு வந்ததும் இதே யுத்தம்தான். அங்கே மோட்டார்ஹோம் என்று ஒரு வண்டி உண்டு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். கோடம்பாக்கத்தில் கேரவன் என்றால் நட்சத்திரங்கள் ஷாட் இடைவெளியில் ஏசியில் உட்காரும் வண்டி, அங்கே சாதாரணக் குடும்பங்கள் அதில் ஊர் சுற்றுகின்றன. குளிர்காலம் வந்துவிட்டால் அதை மாதக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். உடனே சுண்டெலிகள் குடியேறும். பென்சில் நுழையும் சந்து இருந்தால் சுண்டெலிக்குப் போதும். அதனால் வண்டிக்காரர் அடியில் மல்லாந்து படுத்து, தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் உள்ளே போகும் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கம்பி நாரைத் திணிக்கிறார். உள்ளே ஒரு பிஸ்கட் தூள்கூட மிஞ்சாமல் துடைக்கிறார். நம் தம்பதியில் கணவர் அதைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறார். மயிலாப்பூரில் தமது வண்டி அதே நேரத்தில் மோட்டார்ஹோமாகிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

தங்கள் தரப்பு நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கின்றன, ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல். தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது, சாப்பிட முடியாது. பல்லின் மேற்பூச்சு செம்பைவிடக் கடினம். தேய்ப்பதற்கு ஏதாவது வேண்டும். அம்பாசிடர் காலத்தில் கடிக்கக்கூட வயர் பஞ்சம், பேட்டரியிலிருந்து நாலு கம்பி ஓடினால் அதிகம். அந்த வண்டியின் உற்பத்தி 2014இல் நின்றது. இன்றைய வண்டியில் எங்கு தொட்டாலும் சென்சார், ஒவ்வொரு சென்சாருக்கும் நூலளவு வயர். தங்களுக்கு இடியாப்பம் பிழிந்து வைத்ததுபோலத்தான். வயர் உறையில் சோயா கலந்திருக்கிறது, அதனால்தான் எலிக்கு ருசிக்கிறது என்று கலிபோர்னியாவில் 2016இல் டொயோட்டா மீது வழக்கே போட்டார்கள். எலி எதைத்தான் கடிக்காது என்பது கம்பெனிகளின் வாதம். கடித்தவர்களைக் கூண்டிலேற்றி யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. ஹோண்டா ஒரு படி மேலே போய், மிளகாயின் காரச் சத்தான கேப்சைசின் தடவிய டேப்பையே வயரில் சுற்ற விற்கிறது. ஆந்திரா மெஸ்களின் பின்வாசலில் வளர்ந்த தி.நகர்க் கிளையினர் அதைத் தொடுகறியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

மனுதாரர்கள் சும்மா இருக்கவில்லை. வெற்றிலைகூடப் போடாத வீட்டுப் பெரியவர்கள் பெட்டிக்கடையில் குரலைத் தாழ்த்தி, "வண்டிக்குத்தாம்ப்பா" என்று சொல்லிப் புகையிலை வாங்குகிறார்கள். அதைத் துணியில் முடிந்து எஞ்சின் மேல் தொங்கவிடுகிறார்கள். முதல் வாரம் கடை வாசனை, இரண்டாவது வாரம் எஞ்சின் சூட்டில் சருகு, மூன்றாவது வாரம் தங்கள் துறையினர் கூட்டுக்குத் துணி கிடைத்ததென்று எடுத்துப்போகிறார்கள். அந்துருண்டை, கற்பூரம், புதினா எண்ணெய் எல்லாம் ஆயிற்று. வண்டி ஓடாத கோயிலாகியதுதான் மிச்சம். பிறகு, காதுக்குக் கேட்காத ஒலியில் எலியை விரட்டும் என்று ஒரு டப்பா. இதை விற்கும் அறுபதுக்கு மேற்பட்ட கம்பெனிகளுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001லேயே, ஆதாரம் இல்லாமல் பெருமை பேசாதீர்கள் என்று கடிதம் அனுப்பியது. நமக்குத்தான் அந்த டப்பாவின் சத்தம் கேட்காதே, அதனால் வேலை செய்கிறதென்று நம்புவது சுலபம்.

எலிப்பொறியும் வைத்தார்கள். வடையில் சிக்கியவரைக் கொல்ல மனம் வராமல், பொறியோடு தூக்கிப்போய் நாகேஸ்வரராவ் பூங்கா ஓரம் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் தங்களிடம் சிக்கியவரை இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். அரசுத் துறைகளில் இதற்குப் பணியிட மாற்றம் என்று பெயர். 2019இல் வந்த மான்ஸ்டர் படத்தில் எஸ்.ஜே. சூர்யா வள்ளலார் பக்தராக இருந்துகொண்டு ஓர் எலியிடம் படாத பாடு படுவார். மயிலாப்பூரில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் குறைவு.

இந்த இடத்தில் ஒருவருடைய பெயரைக் களங்கத்திலிருந்து விடுவித்தாக வேண்டும். மாட வீதிகளில் விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் விற்கும்போது அவர் காலடியில் இருக்கும் மூஞ்சூறைப் பார்த்து, "சுவாமி, உங்க வாகனம் எங்க வாகனத்தைத் தின்னுடுத்தே" என்று முறையிடும் வழக்கம் மனுதாரர்களிடையே இருந்தது. அது அவதூறு. மூஞ்சூறு எலி இனமே அல்ல, கரப்பானும் பூச்சியும் தின்று வாழும் வேறு குலம். அவருக்கு வயர் கடிக்கும் பல்லும் இல்லை, அவசியமும் இல்லை. நாறுவார், அவ்வளவுதான். முறையீட்டை மனுதாரர்கள் நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறார்கள்.

தங்களுக்கும் குறைகள் இருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காகக் கலங்கரை விளக்கம், கச்சேரி சாலை, பனகல் பார்க் என்று தங்கள் எல்லைக்குள் மனிதர்கள் தோண்டித் தள்ளிவிட்டார்கள். மண்ணுக்கடியில் போகும் அந்த யந்திரங்களுக்கு ஃபிளமிங்கோ, பெலிகன், பீக்காக் என்று பறவைகளின் பெயர். பூமிக்குள் சுரங்கம் தோண்டும் ஒன்றுக்குப் பெயர் தேடியவர்களுக்குத் தங்கள் ஞாபகம் வராமல் போனது நன்றிகெட்டத்தனம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் பகடி இல்லை. விஷம் வைக்க மனுதாரர்கள் தயாராக இல்லை. 2024 நவம்பரில், சென்னையை ஒட்டிய குன்றத்தூரில் எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதரைக் காவு வாங்கியதால்தான் தமிழக அரசு அதற்குத் தடை போட்டது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இங்கே உவமையாக மட்டும் இல்லை.

விஷம் வேண்டாம் என்றால், தங்கள் மேல் தணிக்கை செய்ய ஏற்கெனவே அதிகாரிகள் இருந்தார்கள். கோபுர மாடங்களில் கூகை இருந்தது. அலறினால் ஆகாது என்று விரட்டினோம். அடையாற்றின் பழைய தோப்புகளிலும் கிண்டிக் காட்டோரமும் சாரைப்பாம்பு இருந்தது. கண்டதும் கம்பெடுத்தோம். வளையைத் தோண்டி எலி பிடித்து, எலி சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துக்கொள்ளும் இருளர்கள் செங்கல்பட்டுப் பக்கம் தலைமுறைகளாக இருக்கிறார்கள். வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978லிருந்து நடக்கிறது. அவர்களில் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் மலைப்பாம்பு பிடிக்க 2017இல் புளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள், 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புளோரிடாவுக்குத் தெரிந்த விலாசம் தி.நகருக்குத் தெரியவில்லை.

சாப்பாடு யார் போடுகிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. மார்கழியில் சபா கேன்டீன்களின் பின்புறம், பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்து அன்னதான இலைகள், ரங்கநாதன் தெருவில் கடை சாத்தியபின் சிதறிக்கிடக்கும் சோளமும் சுண்டலும், வருடம் முழுக்க இரவு பத்து மணிக்குத் தொட்டி நிரம்பியபின் தொட்டிக்கு வெளியே வைக்கும் பைகள். மழைவெள்ளத்தில் தாங்களும் மனுதாரர்களும் ஒரே தண்ணீரில் நிற்கிறோம். அதற்குப் பிறகு வரும் நோய்க்கு மருத்துவர்கள் வேறு பெயர் வைத்திருந்தாலும் ஊர் தங்கள் பெயரைச் சொல்லி எலிக்காய்ச்சல் என்றுதான் அழைக்கிறது.

வாரம் இருமுறையாவது வண்டியை ஓட்டுவது, ஊருக்குப் போனால் சாவியைத் தம்பி வீட்டில் கொடுப்பது, கவரைக் கழற்றிவிட்டு ராத்திரியில் பானட்டைத் திறந்துவைப்பது, காற்று நுழையும் வழிகளில் சன்னக் கம்பிவலை அடிப்பது, பின்சீட்டில் முறுக்குத் தின்னாமல் இருப்பது. இத்தனையும் மனுதாரர்களுக்குத் தெரியும். ஆனால் வண்டியை எடுத்தால் திரும்பிவரும்போது நிறுத்த இடம் இருக்காது. பாண்டிபஜாரில் 2019இல் நடைபாதை அகலமானபிறகு கார் எடுத்துப்போவதைவிட நடப்பதே மேல். ஆகவே வண்டி நிற்கும். தங்கள் குடியிருப்புத் திட்டமும் தொடரும்.

இந்த நிலையில் கோரிக்கை ஒன்றே ஒன்று. இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் மின்பழுது, தேய்மானம், பின்விளைவுச் சேதம் இவற்றுக்குப் பணம் கிடையாது என்று சின்ன எழுத்தில் ஒரு பத்தி வழக்கமாக இருக்கும். வயர் அறுந்தது பழுதா, கடியா என்பதில்தான் எல்லாத் தகராறும். எனவே இனிமேல் கடிக்கும் துறையினர், கடித்த நாள், நேரம், வயரின் நிறம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, பல் முத்திரையுடன் ஒரு கடிச் சான்றிதழ் வழங்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் வேண்டுகிறார்கள். இரண்டு நகல் தேவைப்படும். சர்வேயர் ஒன்றைக் கேட்பார்.

பதிலைத் தபாலில் அனுப்ப வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியிலேயே, வடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
கார் வைத்திருந்தும் ஓட்டாதோர்.