புகையிலையும் உப்பு நீரும்

கேள்வி: ஒரே விதையிலிருந்து முளைத்த புகையிலை, ஓர் ஊரில் சீராக எரிவதும் வேறோர் ஊரில் அடிக்கடி அணைந்துபோவதும் எதனால்?

பதில்: விதை ஒன்றானாலும் அது குடிக்கும் தண்ணீர் ஒன்றல்ல என்பதே காரணம். மண்ணிலும் பாசன நீரிலும் கலந்திருக்கும் உப்பின் ஒரு கூறான குளோரைடைப் புகையிலைச் செடி தாராளமாக உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்கிறது. அதன் அளவு உலர்ந்த இலையின் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டினால், இலை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எரிய மறுக்கிறது. பொட்டாசியம் என்னும் சாம்பல் சத்தோ, பற்றிய நெருப்பு அணையாமல் கனன்றுகொண்டிருக்க உதவுகிறது. மைசூர் வட்டாரத்துச் செம்மண்ணில் மானாவாரியாக, அதாவது மழையை நம்பி, விளையும் சிகரெட் புகையிலைக்கு உவர்நீரின் தொல்லை இல்லை. திண்டுக்கல் வட்டாரத்தில் உவர்ப்பான கிணற்று நீர் பாய்ச்சி வளர்க்கும் இலைக்கு மட்டும் எரிய மறுக்கும் குறை ஒரு குறையாவதில்லை. ஏனெனில் அது பெரும்பாலும் மெல்லுவதற்கானது, வாயில் அடக்குவதை எவரும் கொளுத்துவதில்லை. எனினும், நன்றாக எரிவது இலையின் தரத்துக்குச் சான்றே தவிர நுரையீரலின் நலத்துக்குச் சான்றன்று; புற்றுநோய் எந்த ஊர் இலை என்று விசாரித்துவிட்டு வருவதில்லை.